திரையைப் பார்த்துச் சோதிக்கும் கருவிகள்: கடை, மில் சொப்ட்வெயார் எழுதுகிறவர்களின் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கடைகளுக்கு பில் போடும் சொப்ட்வெயார், அரிசி மில்களுக்கு நெல் கொள்வனவுக் கணக்கு, சங்கங்களுக்குக் கடன் கணக்கு என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள் இவை. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் கேட்டவையும் இடையில் உண்டு. விஷயம் ஒன்றுதான்: விண்டோஸில் ஓடும் ஒரு புரோகிராமை, திரையில் தெரிகிற படத்தை மட்டும் வைத்துத் தானாகச் சோதிப்பது.

இணையத்தளங்களைச் சோதிக்க செலீனியம் இருக்கிறது. டெஸ்க்டொப் புரோகிராமுக்கு மட்டும் ஏன் படம் பார்க்க வேண்டும்?

இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டனுக்கும் பின்னால் ஒரு அடையாளம் இருக்கும். செலீனியம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. விண்டோஸிலும் அப்படி ஒரு வழி உண்டு. யூஐ ஒட்டோமேஷன் என்பார்கள். ஆனால் அதற்குப் புரோகிராம் ஒத்துழைக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கடைகளில் இன்றைக்கும் ஓடுகிற பல புரோகிராம்கள் விஷுவல் பேசிக் 6இல் எழுதியவை. அது 1998இல் வந்தது. அதில் எழுதுவதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008இலேயே நிறுத்திவிட்டது. எழுதிய புரோகிராம் மட்டும் விண்டோஸ் 11 வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருக்கிற லேபிள்களுக்குத் தனி விண்டோ அடையாளமே கிடையாது. வெளியாரிடம் வாங்கிப் போட்ட கிரிட் (வரிவரியாகத் தரவு காட்டும் அட்டவணை) என்றால், உள்ளே நூறு வரி இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிற கருவிக்கு அது ஒரே ஒரு வெற்றுப் பெட்டி. மனிதக் கண்ணுக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது. அந்த இடத்தில்தான் படம் பார்க்கும் கருவி வேலைக்கு வருகிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் படத்தை வைத்தே செய்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: படம் கடைசி வழி. அதற்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலில், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று மைக்ரோசொப்ட் தரும் விண்டோஸ் எஸ்டிகேயுடன் வரும் இன்ஸ்பெக்ட் என்ற சின்னக் கருவியைத் திறந்து உங்கள் புரோகிராமின் பட்டன்கள் மேல் மவுஸைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பெயரும் வகையும் தெரிந்தால் பைவின்ஆட்டோ போன்ற பைதான் நூலகம் போதும். அதில் பழைய புரோகிராம்களுக்கு வின்32, புதியவற்றுக்கு யூஐஏ என்று இரண்டு பின்தளங்கள் உண்டு. ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியலாம், இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, கீபோர்ட். கடைப் புரோகிராம்கள் பெரும்பாலும் கீபோர்டிலேயே ஓடும்படி எழுதப்பட்டவை. எஃப்2 அழுத்தினால் புதிய பில், டாப் அழுத்தினால் அடுத்த பெட்டி, என்டர் அழுத்தினால் சேமிப்பு. காசாளர் பிள்ளைகள் மவுஸைத் தொடுவதே குறைவு. உங்கள் ஸ்கிரிப்டும் அப்படியே நடக்கட்டும். சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தோமா என்று பார்க்க மட்டும் படத்தை வையுங்கள். பத்துக் கிளிக்குக்குப் பத்துப் படம் வைத்த ஸ்கிரிப்ட் ஒரு மாதம் தாங்காது. இரண்டு படம் வைத்தது வருஷக்கணக்கில் ஓடும்.

கருவி படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது செயற்கை நுண்ணறிவா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் “சேமி” பட்டனை வெட்டி வைத்திருக்கிறீர்கள். கருவி முழுத்திரையையும் ஒரு படமாக எடுக்கிறது. பிறகு உங்கள் சின்னப் படத்தை, ஒரு முத்திரையை நகர்த்துவது போல, இடமிருந்து வலமாக ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி, கீழே இருப்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எண் போடுகிறது. 1 என்றால் அச்சு அசல். எண் எங்கே அதிகமோ, அதன் நடுவில் கிளிக். இதற்கான கணக்கைப் பெரும்பாலான கருவிகள் ஓப்பன்சிவி நூலகத்திடம் விடுகின்றன.

1920க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். அதனால் முழுத்திரையையும் தேடச் சொன்னால் நேரம் எடுக்கும். பைஆட்டோகுயி என்ற பைதான் நூலகத்தின் கையேடே ஒரு தேடலுக்கு ஒன்றிரண்டு விநாடி ஆகலாம் என்கிறது. “இந்த மூலையில் மட்டும் தேடு” என்று பகுதியைக் குறுக்கிக் கொடுத்தால் வேகமும் கூடும், பிழையும் குறையும்.

இந்தக் கணக்குக்குப் பெரிது, சிறிது தெரியாது, சாய்வு தெரியாது. பட்டன் பத்தில் ஒரு பங்கு பெருத்தாலும் அதற்கு அது வேறு படம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுதான் வேர்.

எந்தக் கருவியை எடுப்பது?

சிக்குலி 2009இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. 2012 முதல் ரைமுண்ட் ஹொக்கே என்பவர் அதைக் கையேற்று சிக்குலிஎக்ஸ் என்ற பெயரில் வளர்த்தார். ஜாவாவில் ஓடும், ஸ்கிரிப்டைப் பைதான் நடையில் எழுதலாம். அதன் எழுதுபலகையில் படங்கள் வரிகளுக்கு நடுவிலேயே தெரியும். புரோகிராம் எழுதத் தெரியாத ஒருவர்கூட என்ன நடக்கிறது என்று பார்த்தே விளங்கிக்கொள்வார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஏற்கனவே பைதான் தெரிந்தவர்கள் பைஆட்டோகுயிக்குப் போகலாம். ஒரு கவனம்: ஓப்பன்சிவியை அதோடு சேர்த்து நிறுவாவிட்டால் அது புள்ளிக்குப் புள்ளி ஒத்த படத்தை மட்டுமே ஏற்கும். எவ்வளவு ஒத்தால் போதும் என்று சொல்லும் வசதி ஓப்பன்சிவி இருந்தால்தான் வரும்.

ரோபோட் ஃபிரேம்வேர்க் என்ற சோதனைக் கருவியில் ஏற்கனவே டெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு, அதற்குள்ளிருந்தே சிக்குலியை அழைக்கும் நூலகம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பெரிய கருவிகளும் உண்டு. நாலு பேர் வேலை செய்கிற இடத்துக்கு அவை தேவையில்லை. மேலே சொன்னவை எல்லாம் இலவசம்.

ஒரு உண்மையான டெஸ்ட் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்.

சம்மாந்துறைப் பக்கத்து மில் ஒன்றுக்கு எழுதிய கொள்வனவுப் புரோகிராம் என்று வைப்போம். விவசாயி 20 மூடை நெல் கொண்டுவருகிறார். தராசில் 1,320 கிலோ. மூடைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு. மிச்சம் 1,300 கிலோ. கிலோ 120 ரூபாய் என்றால் 156,000 ரூபாய்.

ஸ்கிரிப்ட் புரோகிராமைத் திறக்கிறது. “நெல் கொள்வனவு” என்ற தலைப்புப் பட்டையின் படம் தெரியும் வரைக்கும் காத்திருக்கிறது. இது முதல் படம். அப்புறம் எஃப்2, விவசாயி இலக்கம், டாப், 20, டாப், 1320, டாப், 120, என்டர். இதுவரைக்கும் எல்லாம் கீபோர்ட். “பதிவு செய்யப்பட்டது” என்ற பச்சைப் பட்டை வருகிறதா என்று பார்ப்பது இரண்டாவது படம். கடைசியில் தரவுத்தளத்தைத் திறந்து, கடைசி வரியில் 156000 இருக்கிறதா என்று கேட்கிறது.

அடுத்த டெஸ்ட் அதே நெல்லுக்கு ஈரப்பதம் 17% என்று கொடுக்கும். ஏற்றுக்கொள்ளும் அளவு 14% என்பதால் கழிவு கூட வேண்டும், அல்லது எச்சரிக்கைப் பெட்டி வர வேண்டும். பெரும்போக அறுவடையில் மில் வாசலில் ட்ரக்டர் வரிசை நிற்கும்போது அந்தப் பெட்டி வரவில்லை என்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. டெஸ்ட் கவனிக்கும்.

படத்தை எப்படி வெட்ட வேண்டும்?

இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிஎன்ஜி வடிவில் மட்டும் சேமியுங்கள். ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படியும், ஒப்பிடுதல் கெட்டுப்போகும். வட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டை வெட்டி வைப்பதும் இதே பிழைதான்.

எழுதும் பெட்டியின் உள்ளே இருப்பதை வெட்டாதீர்கள். அங்கே சிமிட்டுகிற கோடு ஒரு தரம் இருக்கும், ஒரு தரம் இருக்காது. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற “விவசாயி இலக்கம்” என்ற லேபிளை வெட்டிவிட்டு, அதிலிருந்து வலப்பக்கம் 150 புள்ளி தள்ளிக் கிளிக் செய்யச் சொல்லுங்கள். சிக்குலிஎக்ஸில் படத்தைத் திறந்து, கிளிக் விழ வேண்டிய இடத்தை மவுஸாலேயே காட்டலாம்.

பட்டனை வெட்டும்போது மவுஸ் அம்பு அதன் மேல் நிற்கக் கூடாது. மவுஸ் மேலே வந்தாலே பல பட்டன்கள் நிறம் மாறும். டாப் அழுத்தி வந்து நிற்கிற பட்டனைச் சுற்றி ஒரு கோடும் விழும். அப்படி வெட்டிய படம், அந்தக் கோடு இல்லாத நேரத்தில் பொருந்தாது. ஆகவே ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தையும் ஐகொனையும் மட்டும் எடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடும்போதும், ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் மவுஸை ஒரு வெறும் மூலைப் பக்கம் தள்ளி வைப்பது நல்ல பழக்கம்.

ஒரே நிறமான வெற்று இடத்தை வெட்டினால் அது திரை முழுக்கப் பொருந்தும். படத்துக்குள் ஏதாவது வடிவம் இருக்க வேண்டும். திகதி, நேரம், பில் இலக்கம் இவை எதுவும் வெட்டிய படத்துக்குள் வரக் கூடாது. நாளைக்கு அவை மாறிவிடும்.

“நீக்கு” பட்டன் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எதைக் கிளிக் செய்யும்?

சொல்ல முடியாது. எல்லாம் ஒரே படம் என்பதால் எண்ணில் ஒரு துளி கூடினது வெல்லும். முதலில் அந்த வாடிக்கையாளரின் பெயர் இருக்கிற வரியைக் கண்டுபிடித்து, அந்த வரியின் வலப்பக்கத்தை மட்டும் ஒரு பகுதியாக எடுத்து, அதற்குள் “நீக்கு”வைத் தேடுங்கள். சிக்குலிஎக்ஸில் ஹைலைட் என்ற கட்டளை உண்டு. தேடும் பகுதியைச் சுற்றித் திரையிலேயே சிவப்புச் சட்டம் போட்டுக் காட்டும். நீக்குகிற வேலை என்றால் முதலில் அதைப் போட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒற்றுமை அளவு எவ்வளவு வைக்க வேண்டும்?

சிக்குலிஎக்ஸ் தானாக வைத்திருப்பது 0.7. தொடங்குவதற்கு அது சரி, அப்படியே விட்டுவிடுவது சரியில்லை. மங்கிக் கிடக்கிற, அழுத்த ஏலாத “சேமி” பட்டனும் அழுத்தக்கூடிய “சேமி” பட்டனும் வடிவத்தில் ஒன்றே. 0.7இல் இரண்டும் தேறிவிடலாம். அப்போது ஸ்கிரிப்ட் செத்த பட்டனைக் கிளிக் செய்துவிட்டு, எல்லாம் நலம் என்று அடுத்த வரிக்குப் போகும்.

முக்கியமான இடங்களில் 0.9க்கு மேல் வையுங்கள். பொருந்தவில்லை என்றால் அளவைக் குறைக்கிற புத்தி உடனே வரும். குறைக்க முன்னர், ஏன் பொருந்தவில்லை என்று பாருங்கள். அநேகமாகக் காரணம் அடுத்த கேள்வியில் இருக்கும்.

என் லப்டொப்பில் அழகாக ஓடுகிறது. அடுத்த கொம்பியூட்டரில் ஒன்றுமே ஓடவில்லை. ஏன்?

முதல் சந்தேகம் திரையின் அளவுப் பெருக்கம். புதிய லப்டொப் வாங்கினால் விண்டோஸ் தானாகவே 125% அல்லது 150% வைத்துக்கொள்ளும். பழைய மேசைக் கொம்பியூட்டரில் 100%. எழுத்து, பட்டன், ஐகொன் எல்லாம் அளவு மாறிவிடுகின்றன. சில நேரம் படம் சரியாகக் கிடைத்தும் கிளிக் மட்டும் தள்ளி விழும். அதுவும் இதே காரணம்தான். சோதிக்கும் இயந்திரத்தில் 100% வைத்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்தை மென்மையாக்கும் கிளியர்டைப். எழுத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நிறக்கோடுகள் இருக்கும். ஒரு இயந்திரத்தில் அது இருந்து மற்றதில் இல்லாவிட்டால், நமக்கு ஒன்றாகத் தெரிகிற எழுத்து கருவிக்கு வேறு. ரிமோட் டெஸ்க்டொப்பில் இணைந்தால் வேகத்துக்காக இந்த மென்மை அணைந்துபோவதும் உண்டு.

மூன்றாவது ஒன்று, நம் பக்கத்துக்கே உரியது. தமிழில் எழுத வேண்டும் என்று விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது, சிலர் வட்டார அமைப்பையும் “தமிழ் (இந்தியா)” என்று மாற்றிவிடுகிறார்கள். உடனே 156,000 என்று தெரிந்த தொகை 1,56,000 என்று தெரியும். டெஸ்ட் விழும், காரணம் தேடி அலைவீர்கள். அதே அமைப்பு வாடிக்கையாளரின் கடையிலும் இருந்தால், காற்புள்ளியைச் சரியாகக் கையாளாத புரோகிராமும் தடுமாறும். அப்படிப் பார்த்தால் டெஸ்ட் விழுந்தது நல்லதற்குத்தான்.

திரை வெளிச்சத்தைப் பலர் கேட்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஸ்கிரீன்ஷொட் மாறாது. அது மொனிட்டரின் விஷயம்.

இத்தனைக்கும் ஒரே பதில்: சோதனைக்கென்று ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கொம்பியூட்டர். வேர்ச்சுவல்பொக்ஸில் ஒரு விண்டோஸை நிறுவி, திரை அளவு, பெருக்கம், வட்டாரம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒருமுறை வைத்து, அந்த நிலையைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனையும் அதே நிலையிலிருந்து தொடங்கட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஐந்து விநாடி தூங்கச் சொன்னால் என்ன?

சில நாள் ஓடும். பிறகு தரவுத்தளம் பெருத்து, ரிப்போர்ட் திறக்க ஆறு விநாடி எடுக்கும் நாளில் விழும். மற்ற நாளெல்லாம் சும்மா ஐந்து விநாடி வீண். “இந்தப் படம் தெரியும் வரைக்கும் காத்திரு, அதிகபட்சம் 30 விநாடி” என்று எழுதுங்கள். சிக்குலிஎக்ஸ் தானாக 3 விநாடிதான் காத்திருக்கும், விநாடிக்கு மூன்று தரம் திரையைப் பார்க்கும். “காத்திருக்கவும்” பெட்டி மறையும் வரைக்கும் நில் என்றும் சொல்லலாம். ரிப்போர்ட் திரைகளுக்கு அதுதான் அதிகம் உதவும்.

தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொன்னால் கேள்விக்குறி வருகிறது, அல்லது ஒன்றுமே வருவதில்லை.

சிக்குலிஎக்ஸின் டைப் கட்டளையும் பைஆட்டோகுயியின் எழுதும் கட்டளையும் ஆங்கிலக் கீபோர்டின் விசைகளைத்தான் அழுத்துகின்றன. தமிழ் யூனிகோட் எழுத்துக்கு அங்கே விசை இல்லை. வழி: எழுத்தை கிளிப்போர்ட்டில் வைத்து கொண்ட்ரோல்-வி அழுத்துவது. சிக்குலிஎக்ஸில் பேஸ்ட் கட்டளை இதையே செய்கிறது. பைதானில் பைப்பர்கிளிப் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் புரோகிராம் பாமினி எழுத்துருவில் ஓடுகிற பழைய புரோகிராம் என்றால் கதை தலைகீழ். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஆகவே டைப் கட்டளை அப்படியே வேலை செய்யும்! பாமினித் தட்டச்சு தெரிந்தவர் விரலால் அழுத்தும் அதே விசைகளை ஸ்கிரிப்டில் எழுதினால் திரையில் “அம்பாறை” வந்து நிற்கும். யூனிகோட் எழுத்தை ஒட்டினால்தான் அங்கே குழப்பம் வரும்.

விழிப்பாக இருக்க வேண்டிய இடம் சரிபார்ப்பு. திரையைப் படித்தால் தமிழ் கிடைக்கும். தரவுத்தளத்தைப் படித்தால் ஆங்கில எழுத்துக் குவியல் கிடைக்கும். இரண்டையும் நேரே ஒப்பிட ஏலாது. ஒன்றை மற்றதாக மாற்றும் அட்டவணை ஒன்று ஸ்கிரிப்டுக்குள் இருக்க வேண்டும்.

திரையில் உள்ள தமிழைக் கருவியே வாசிக்காதா?

வாசிக்கும், நம்ப வேண்டாம். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது டெசராக்ட். 1980களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. தமிழுக்குத் தனிக் கோப்பு இருக்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் தமிழ் தெரியும். அது காகிதத்தை ஸ்கேன் செய்த படங்களுக்குப் பழகியது. அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் நன்றாக வாசிக்கும். திரையிலோ வழக்கமாக 96தான். வெட்டிய பகுதியை மூன்று மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால் விளைவு திருந்தும்.

அப்படியும் தமிழில் சில இடங்கள் வழுக்கும். காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன. சின்ன எழுத்தில் புள்ளி காணாமல் போனால் “கடன்” “கடன” ஆகிவிடும். எண்களை வாசிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், எண்களைத் தவிர வேறெதுவும் வராது என்றும் சொல்லி வையுங்கள். பெயர்களை வேறு வழியில் சரிபார்க்கலாம்.

வேறு வழி என்றால்? கணக்குச் சரியா என்று எப்படித்தான் பார்ப்பது?

தரவுத்தளத்தைக் கேளுங்கள். ஆக்சஸ் கோப்பானாலும் மைஎஸ்கியூஎல் ஆனாலும் பைதானிலிருந்து நாலு வரியில் திறந்து பார்க்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் ரிப்போர்ட்டை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து கோப்பை ஒப்பிடுங்கள். திரையில் தெரிவது சரி, உள்ளே சேமிக்கப்பட்டது பிழை என்பது கணக்குப் புரோகிராம்களில் சர்வசாதாரணம். படம் பார்க்கிற டெஸ்ட் அதைப் பிடிக்கவே பிடிக்காது.

நல்ல உதாரணம் வற் வரி. 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 வீதம் 18 வீதமானது. 12,500 ரூபாய்ப் பொருளுக்கு வரி 1,875 ஆக இருந்தது 2,250 ஆனது, மொத்தம் 14,750. பில் திரையில் வீதத்தை மாற்றிவிட்டு, மாத ரிப்போர்ட்டில் பழைய 15ஐ அப்படியே விட்டுவைக்கிற புரோகிராம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பில் திரையின் படத்தை மட்டும் பார்த்த டெஸ்ட் பச்சையாகத் தேறும். இன்னொரு விஷயமும் இருக்கிறது: டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டியது பழைய வீதத்தில். அந்த ஒன்றுக்காவது தனி டெஸ்ட் எழுதி, முடிவைத் தரவுத்தளத்தில் பாருங்கள்.

பில் பிரிண்ட் ஆகிறதா என்று சோதிக்கலாமா?

காகிதம் வீணாக்காமல் சோதிக்கலாம். விண்டோஸில் “ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி” என்றொரு பிரிண்டர் டிரைவர் இருக்கிறது. அதைக் கோப்புக்கு அச்சிடும்படி வைத்து, சோதனை இயந்திரத்தில் இயல்பு பிரிண்டர் ஆக்கிவிட்டால் பில்லில் இருக்கிற எழுத்துகள் கோப்பில் வந்து விழும். தொகையை அங்கே தேடலாம். தமிழ்ப் பில்லைப் படமாக அனுப்புகிற புரோகிராமுக்கு இது உதவாது. அதற்குப் பிடிஎஃப் பிரிண்டரை வைத்து, வந்த பக்கத்தை ஒரு நல்ல பழைய பக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரவில் தானாக ஓட விட்டுவிட்டுப் போகலாமா?

போகலாம், நாலு விஷயம் பார்த்துவிட்டு.

திரை பூட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. பூட்டிய திரையில் உங்கள் புரோகிராம் இல்லை, கருவிக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. ஸ்கிரீன் சேவர், தூக்கம், பூட்டு மூன்றையும் அணையுங்கள். லப்டொப்பில் மின்சாரத்துக்கு ஒரு அமைப்பு, பற்றரிக்கு இன்னொரு அமைப்பு இருக்கும். கரண்ட் போய் லப்டொப் பற்றரிக்கு மாறினால் திரை சில நிமிஷத்தில் அணைந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். மேசைக் கொம்பியூட்டர் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த ஆசையே வேண்டாம்.

ரிமோட் டெஸ்க்டொப்பில் போய் ஓட விட்டு, ஜன்னலைச் சுருக்கினாலோ துண்டித்தாலோ அங்கே திரை வரைவது நின்றுவிடும். காலையில் வந்து பார்த்தால் “படம் கிடைக்கவில்லை” என்று வரிசையாக இருக்கும். துண்டிக்காமல், டிஎஸ்கொன் என்ற கட்டளையால் அமர்வை அந்த இயந்திரத்தின் சொந்தத் திரைக்கே திருப்பி அனுப்பிவிட்டு வெளியேறுங்கள்.

டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் போன்றவற்றை விண்டோஸ் சேவையாக (பின்னணியில் ஓடும் புரோகிராமாக) நிறுவி அதன் வழியே ஓட்டினாலும் இதே கதி. விஸ்டா காலத்திலிருந்து சேவைகள் பயனருக்குத் தெரியாத தனி அமர்வில்தான் ஓடுகின்றன. அங்கே பார்க்கத் திரையே கிடையாது. பயனர் உள்நுழைந்த நிலையில் ஓடும்படி டாஸ்க் ஷெடியூலரில் வையுங்கள்.

கடைசியாக, எதிர்பாராத பெட்டிகள். வைரஸ் காவலனின் அறிவிப்பு, விண்டோஸ் அப்டேட், இணைய டொங்கிளின் “இணைப்பு துண்டிக்கப்பட்டது”. அறிவிப்புகளை அணைத்து, சோதனை இயந்திரத்தை இணையத்திலிருந்து கழற்றி வைத்தால் பாதி போய்விடும்.

வாடிக்கையாளரின் கொம்பியூட்டரில் ஓட்டிக் காட்டலாமா?

வேண்டவே வேண்டாம். ஸ்கிரிப்டுக்கு உண்மைப் பில் எது, சோதனைப் பில் எது என்று தெரியாது. நடுவில் கடைக்காரர் மவுஸைத் தொட்டால் கிளிக் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முதலாளி இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, மவுஸ் தன்பாட்டுக்கு ஓடுது, யாரும் வெளியில இருந்து உள்ள வந்திட்டானா?” என்று பதறிப் பிளக்கைக் கழற்றப் போனார். அவரில் பிழை இல்லை.

உங்கள் சொந்த இயந்திரத்திலும் நிறுத்தும் வழியை முதலில் பழகுங்கள். பைஆட்டோகுயியில் மவுஸைத் திரையின் மூலைக்கு வேகமாகத் தள்ளினால் நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பை அணைக்கலாம் என்று இணையத்தில் யோசனை சொல்வார்கள், அணைக்காதீர்கள். மவுஸை ஓரமாகத் தள்ளி வைக்கச் சொன்னேனே, அப்போதும் சரியான மூலைப் புள்ளியைத் தவிர்த்து கொஞ்சம் உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். சிக்குலிஎக்ஸில் விண்டோஸுக்கு ஆல்ட், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

எத்தனை டெஸ்ட் எழுதினால் போதும்?

காசு போகிற வழிகளுக்கு மட்டும் எழுதுங்கள். பில் போடுதல், திருப்பிக் கொடுத்தல், கொள்வனவு, நாள் முடிவுக் கணக்கு, காப்புப் பிரதி எடுத்து மீட்டல். வாடிக்கையாளர் முகவரியைத் திருத்துகிற திரைக்கு ஒரு மனிதர் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பட்டனின் நிறத்தை மாற்றினாலே படங்களை மறுபடி வெட்ட வேண்டிவரும் என்பதை மனதில் வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். படங்களை ஒரே கோப்புறையில், “சேமி_பட்டன்”, “கொள்வனவு_தலைப்பு” என்று விளங்குகிற பெயரில் வைத்தால் அந்த நாளில் உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள்.

ஒலுவிலில் கடைசி வருடம் படிக்கிறேன். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இதை மட்டும் படித்தால் இல்லை. கொழும்புக் கம்பனிகள் கேட்பது பெரும்பாலும் செலீனியம் வகை. ஆனால் சிக்குலியில் ஒரு சின்னக் கடைப் புரோகிராமைச் சோதித்துக் காட்டினால், எங்கே காத்திருக்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். அது எந்தக் கருவிக்கும் வேண்டிய அறிவு. ஊரில் கடை வைத்திருக்கிற மாமா, காக்கா யாராவது இருந்தால் அவர்களின் புரோகிராமின் ஒரு பிரதியை, உண்மைத் தரவை அழித்துவிட்டு, கேட்டு வாங்குங்கள்.

இரவில் ஓடின டெஸ்ட் நடுவில் விழுந்துவிட்டது. ஏன் என்று எப்படித் தெரியும்?

விழும் நொடியில் முழுத்திரையையும் ஒரு படமாகச் சேமிக்கும் இரண்டு வரியை எல்லா ஸ்கிரிப்டிலும் போட்டு வையுங்கள். கோப்பின் பெயரில் டெஸ்டின் பெயரும் நேரமும் இருக்கட்டும். காலையில் முதலில் அந்தப் படத்தைத் திறவுங்கள். பத்தில் எட்டு தரம் பதில் அங்கேயே நிற்கும்: மேலே ஒரு அப்டேட் பெட்டி, பூட்டிய திரை, அல்லது புரோகிராமே கக்கிய பிழைச் செய்தி. அதில் ஒன்றும் தெரியாவிட்டால், நீங்கள் வெட்டி வைத்த படத்தையும் திரையில் உள்ள பட்டனையும் பெயின்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எட்டு மடங்கு பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரத்தில் நிறம் மாறியிருந்தால் கிளியர்டைப், அகலம் மாறியிருந்தால் அளவுப் பெருக்கம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் படத்தில் குற்றமில்லை. தேடிய பகுதி பிழை, அல்லது காத்திருந்த நேரம் போதவில்லை.